சியானில் வாங்கியவையும் வீடு வந்து சேர்ந்தவையும்

திருச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

கடந்த அக்டோபர் கடைசி வாரத்தில் நானும் என் மனைவியும் சீனாவின் சியான் நகரில் ஐந்து நாள்கள் தங்கியிருந்தோம். அங்கே போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பதையே நாங்களும் பார்த்தோம் என்பதால் அதை விரித்து எழுதப் போவதில்லை. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வாங்கி வந்த பொருள்களைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்; ஏனெனில் அவற்றில் பாதி நல்லபடியாக வந்து சேரவில்லை.

சியானை அடுத்த லின்டோங்கில், சீனாவின் முதல் பேரரசருடைய கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர்களின் குழிகளைப் பார்த்துவிட்டு வெளியேறும் வழி நெடுகக் கடைகள் இருக்கின்றன. 1974இல் கிணறு தோண்டிய உழவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்ட அந்தப் படை, இன்று விரல் நீளம் முதல் ஆள் உயரம் வரை கடைக்குக் கடை அணிவகுத்து நிற்கிறது. தளபதி, அதிகாரி, காலாள், மண்டியிட்ட வில்லாளி, குதிரை என ஐந்து உருவங்கள் கொண்ட பெட்டி ஒன்றுக்கு 120 யுவான் கேட்டார்கள். நான் 40க்கு முடித்தேன். என் பேரத் திறமையை மனைவியிடம் சொல்லிக்கொண்டே நான்கு கடைகளைத் தாண்டுவதற்குள், அதே பெட்டியை ஓர் அம்மையார் நாங்கள் கேட்காமலேயே 20 யுவானுக்கு நீட்டினார். பேருந்து ஏறும் வரை என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் தளபதியின் தலை தனியாகவும், வில்லாளி இரண்டு துண்டுகளாகவும் கிடந்தார்கள். உடைந்த இடத்தில் மண்ணே தெரியவில்லை. எழுதுகிற சுண்ணக்கட்டியைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது. 2,200 ஆண்டுகள் பூமிக்குள் கிடந்தும் ஒடியாமல் கிடைத்த மண்டியிட்ட வில்லாளி ஒருவரை அந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் வாங்கிய வில்லாளிக்கு சியானிலிருந்து திருச்சி வரை வருவதற்குக்கூட உடம்பில் வலுவில்லை.

வரும் மார்ச்சில் என் தங்கை மகள் அங்கே போகிறாள். நீங்கள் அங்கே என்ன வாங்கினீர்கள், அதில் எது உருப்படியாக வீடு வந்து சேர்ந்தது என்று எழுதினால் அவளுக்கு உதவியாக இருக்கும்.

சேலத்திலிருந்து, மருத்துவர்:

ஐயா, நான் சியானில் தங்கி மருத்துவம் படித்தவன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் இந்த வீரர்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். தளபதியின் தலை கழன்றதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. அசல் வீரர்களுக்கும் தலையைத் தனியாகச் செய்துதான் உடலில் பொருத்தினார்கள்.

உங்களுக்குக் கிடைத்தது சாந்தில் வார்த்து மேலே மண் நிறம் பூசிய உருவம். சூளையில் சுட்டதை அறிய எளிய வழி உண்டு. உருவத்தைக் கையில் தூக்கிப் பிடித்து நகத்தால் சுண்டிப் பாருங்கள். சுட்ட மண் என்றால் நம் ஊர்ப் பானையைத் தட்டினால் எழுவது போலக் கணீரென்ற ஓசை வரும். சாந்து என்றால் மொத்தென்று அடங்கிவிடும். அடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். கனமான மண்ணுருவை உள்ளே கூடாக விடாமல் சுட்டால் சூளையிலேயே வெடித்துவிடும் என்பதால், சுடுமண் உருவத்தின் அடியில் பெரும்பாலும் ஒரு துளை இருக்கும். அய்யனார் கோயில் மண்குதிரைகளில் வேளார்கள் துளை விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். துளையின் ஓரத்தைச் சாவியால் லேசாகச் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்கிறதா, செம்பழுப்புப் பொடி உதிர்கிறதா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளிப்பார். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய மசூதியை ஒட்டிய ஹுவாஜுவே சந்துக்கு, எங்களைப் பார்க்க வந்திருந்த என் பெரியப்பாவை அழைத்துப் போயிருந்தேன். தோல் பாவை ஒன்றைக் காட்டி அவர் விலை கேட்க, கடையிலிருந்த அம்மா கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டி, மற்ற மூன்றையும் மடக்கிக் காட்டினார். யாருக்கோ தொலைபேசியில் பேசச் சொல்கிறார் என்று நினைத்த பெரியப்பா, தம் கைப்பேசியை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டார். சீனர்கள் ஒரே கையால் பத்து வரை எண்ணிக் காட்டுவார்கள். அந்தச் சைகைக்கு ஆறு என்று பொருள். அவர் சொன்ன விலை 60 யுவான். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் துப்பாக்கி போல நீட்டினால் எட்டு. இவ்விரண்டையும் தெரிந்துகொண்டு போனாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நடுத்தர வயதுப் பெண்களை அங்கே ‘ஆயி’ என்று அழைப்பார்கள். சித்தி, அத்தை என்பது போன்ற மரியாதைச் சொல் அது. நம் வாயில் அச்சொல் இயல்பாகவே வந்துவிடுகிறது. அப்படி அழைத்ததும் பெரியப்பாவுக்கு விலை 45க்கு இறங்கியது.

சின்னக் கடைகளிலும் கைப்பேசியில்தான் பணம் வாங்குகிறார்கள். நம் யூபிஐ அங்கே செல்லாது. அலிபே செயலியில் வெளிநாட்டு அட்டையை இங்கிருந்தே இணைத்துக்கொண்டு போவது நல்லது. ஒரே முறையில் 200 யுவானுக்கு மேல் செலுத்தினால் 3 விழுக்காடு கட்டணம் பிடிப்பார்கள் என்பதால், தொகையைப் பிரித்துச் செலுத்துகிறவர்களும் உண்டு. ஆனால் பழங்காசு, பழைய வெண்கலம் என்று யாராவது ஓரமாகக் கூப்பிட்டால் போகாதீர்கள். 1911க்கு முற்பட்ட கலைப்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச்செல்லத் தடை இருக்கிறது. அவர் காட்டுவது அசலாக இருந்தால் சுங்கத்தில் மாட்டுவீர்கள், போலியாக இருந்தால் பணம் போகும்.

மதுரையிலிருந்து, பள்ளி ஆசிரியை:

நான் ஒரு முத்திரைக் கல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சியான் கோட்டையின் தெற்கு வாசலிலிருந்து கிழக்கே போகும் ஷூயுவான்மென் தெருவில் தூரிகை, மைக்கட்டி, தாள், முத்திரை விற்கும் கடைகள்தான் அதிகம். தெருவின் மறுமுனையில், 1087இல் தொடங்கிய கல்வெட்டுக் காடு என்னும் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 781இல் பொறித்த கிறித்தவக் கல்வெட்டும் அவற்றுள் ஒன்று. கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி மைப்பொதியால் ஒற்றிப் படியெடுப்பதை அங்கே நேரிலேயே பார்க்கலாம். அந்தப் படிகளைச் சுருட்டி எடுத்து வரலாம், உடையாது, கனமும் இல்லை. ஆனால் கடைகளில் கிடைப்பவற்றில் பிரதிக் கல்லிலிருந்து எடுத்தவையும் கலந்திருக்கும்.

முத்திரை செதுக்குபவர்கள் வாசலிலேயே சிறு மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள். வெளிநாட்டவர் பெயரை ஒலிக்கேற்பச் சீன எழுத்தில் பொறித்துத் தருவதே வழக்கம். தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற என் அம்மாவுக்குச் சீன எழுத்தில் வாங்கிப்போய் என்ன பயன் என்று தோன்றியதால், ‘அம்மா’ என்று தமிழிலேயே செதுக்கித் தர முடியுமா என்று மொழிபெயர்ப்புச் செயலி வழியாகக் கேட்டேன். அறுபது வயது மதிக்கத்தக்க அந்தக் கலைஞர் சிரித்துவிட்டு, மெல்லிய தாளையும் தூரிகையையும் என் பக்கம் நகர்த்தினார். எனக்குத் தூரிகை பிடித்துப் பழக்கமில்லை. மூன்றாவது முறைதான் ஓரளவு அழகாக எழுத வந்தது.

அவர் அந்தத் தாளைக் கல்லின் முகத்தில் கவிழ்த்து, ஈரம் ஒற்றி, விரல்நகத்தால் தேய்த்து எடுத்தபோது எழுத்துகள் இடம் வலம் மாறிக் கல்லில் பதிந்திருந்தன. கல்சட்டி செய்யும் மாக்கல்லைப் போன்ற மென்மையான கல் அது. அதை ஒரு மரப்பிடிக்குள் ஆப்பு வைத்து இறுக்கிவிட்டு, குட்டையான உளியைத் தள்ளித் தள்ளிச் செதுக்கினார். எழுத்து மேடாக நிற்கும்படி சுற்றியுள்ள கல்லை எடுத்துவிடுவது ஒரு முறை. எழுத்தையே பள்ளமாக வெட்டுவது இன்னொரு முறை. எங்களுடையது முதல் முறை. ‘அ’வின் சுழியைச் சுற்றி வர அவருக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆனது, சீன எழுத்தில் இப்படி வளைவதில்லை என்று செயலியில் எழுதிக் காட்டினார்.

அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. சிவப்பு மையில் ஒற்றி வெள்ளைத்தாளில் பதித்துக் காட்டினார். ‘அமமா’ என்று இருந்தது. நான் எழுதிய தாளை எடுத்துப் புள்ளியைத் தொட்டுக் காட்டியதும் அவர் முகம் வாடிவிட்டது. தூரிகையிலிருந்து மை சொட்டியிருக்கிறது என்று எண்ணி அதைச் செதுக்கி எறிந்திருக்கிறார். எழுத்தைப் பள்ளமாக வெட்டியிருந்தால் ஒரு குழியைக் கூட்டிவிடலாம். மேடாக விட்ட முத்திரையில், எடுத்துவிட்ட கல்லை மீண்டும் ஒட்ட முடியாது. வேறு கல்லில் மறுபடி செய்கிறேன் என்று அவர் எவ்வளவோ சொன்னார். மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் அதையே வாங்கிக்கொண்டேன். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் மறுத்ததும் ஒரு சிறிய தூரிகையைப் பைக்குள் திணித்துவிட்டார்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘கல்வெட்டில் எவன் புள்ளி வைத்தான்? சரியாகத்தான் வெட்டியிருக்கிறார்’ என்றார். இப்போது தம் புத்தகங்களின் முதல் பக்கத்தில் எல்லாம் அதைக் குத்தி வைத்திருக்கிறார். முத்திரையோடு தரும் சிவப்பு மைக் குழைவில் எண்ணெய் கலந்திருக்கும். பீங்கான் டப்பியை இரண்டு நெகிழிப் பைகளில் கட்டி நிமிர்த்தி வைக்காவிட்டால் பெட்டியிலுள்ள துணியெல்லாம் சிவந்துவிடும். என் சேலை ஒன்று அப்படித்தான் போயிற்று.

ஈரோட்டிலிருந்து, ஜவுளி வணிகர்:

நான் வாங்கியது சியானுக்குப் பக்கத்திலுள்ள ஜிங்யாங்கின் செங்கல் தேயிலை. செங்கல் போலவே இறுக்கி அழுத்தியிருப்பார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே மஞ்சள் புள்ளிகள் நிறைந்திருக்க வேண்டும். அவை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உயர்ந்த சரக்கு, அதற்குப் ‘பொற்பூ’ என்று பெயர். உண்மையில் அது வேண்டுமென்றே வளர்க்கும் ஒருவகைப் பூஞ்சைதான். இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டேனே தவிர வீட்டில் சொல்லவில்லை. ஊர் வந்த மூன்றாம் நாள், பூசணம் பிடித்ததை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அத்தை அதைத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டார். இரண்டு கிலோ. தின்பண்டம் வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஃபூபிங்கின் உலர்ந்த சீமைப்பனிச்சைப் பழம் (பெர்சிமன்). அதன்மேலும் வெள்ளையாகப் படிந்திருக்கும். அது பழத்திலிருந்து ஊறி வரும் சர்க்கரை என்பதை மறக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து, மென்பொருள் பொறியாளர்:

என் அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்தவர். யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்ததை முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர். அந்தத் துறவி 645இல் நாடு திரும்பியது இதே சியானுக்குத்தான். அன்று இதன் பெயர் சாங்கான். அவர் கொண்டுவந்த சுவடிகளைப் பாதுகாக்க 652இல் எழுப்பிய பெரிய காட்டு வாத்துக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அப்பாவுக்கு அவருடைய சிலை ஒன்று வாங்குவதென்று முடிவு செய்து, கோபுரத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ‘யுவான் சுவாங், யுவான் சுவாங்’ என்று கேட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. நம் பாடநூல் உச்சரிப்பு அங்கே எடுபடாது. ‘ஷுவான்ட்ஸாங்’ என்று சொல்ல வேண்டும். அது தெரிந்த பிறகும், அவர் பயணத்தை வைத்துப் புனைந்த பழங்கதையில் வரும் குரங்கரசனும் பன்றியும் சூழ நிற்கும் பொம்மைகளைத்தான் எடுத்துப் போட்டார்கள்.

கடைசியில் சதுக்கத்திலுள்ள பெரிய சிலைக்கு முன் படம் எடுத்துவந்து காட்டிய பிறகு, ஒரு முதியவர் பரணிலிருந்து ஒன்றை இறக்கினார். முதுகில் சுவடிக்கூடை, அதன் முகட்டிலிருந்து முகத்துக்கு நேரே தொங்கும் சிறு விளக்கு, நடக்கத் தூக்கிய கால். சாண் உயரத்தில் மரத்தில் கடைந்திருந்தது. 180 யுவான் சொன்னார். நான் எந்த ஊர் என்று கேட்டவரிடம், துறவி தம் குறிப்பில் எங்கள் ஊருக்கு எழுதிய ‘ஜியென்ஜிபூலுவோ’ என்ற பெயரைக் கைப்பேசியில் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கைந்து முறை படித்தார். பிறகு விலைச்சீட்டின் பின்புறத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டார். விலையைக் குறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. விமானத்தில் கைப்பையிலேயே வைத்து வந்ததால் விளக்குகூட ஆடவில்லை.

திருச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்:

அனைவருக்கும் நன்றி. தளபதியின் தலையைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். சற்றே இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. தங்கை மகளுக்கு அவள் கணவர் பெயரில் தமிழ் முத்திரை வேண்டுமாம். மதுரை அம்மாவிடம் ஒரு கேள்வி: மெய்யெழுத்து இரண்டு வருகிற பெயர் அது, என்ன செய்யச் சொல்லலாம்?

மதுரையிலிருந்து, பள்ளி ஆசிரியை:

ஐயா, எழுத்தைப் பள்ளமாக வெட்டும் முறையில் கேட்கச் சொல்லுங்கள். தாளில் எழுதும்போது புள்ளியை உளுந்து அளவுக்கு வைத்து, கலைஞர் கல்லில் கைவைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டிவிட வேண்டும்.