எக்செப்ஷன், எரர் கோட்: இரண்டையும் 'பிழை' என்றே எழுதுவதா?

வணக்கம். நிரல் ஓடும்போது வழக்கமான ஓட்டத்தைக் குறுக்கிடும் நிகழ்வு எக்செப்ஷன்; ஒரு வேலை முடியாதபோது திரும்பி வரும் எண் எரர் கோட். எக்செப்ஷனுக்குப் புதுச் சொல் தேடுவது பற்றி ஒருவர் கேட்டது:

> எக்செப்ஷனுக்கு 'விதிவிலக்கு' என்று பழகிவிட்டது. சிலர் 'பிழை' என்றே எழுதுகிறார்கள். எதற்கு இன்னொரு சொல்?

நிரல் முடங்கியதும் திரையில் வரும் எண்ணை இந்தச் சொற்களை வைத்து விளக்கிப் பாருங்கள், தெரியும்.

விண்டோஸில் ஒரு கோப்பைத் திறக்கப் போய் 5 என்ற எண் வந்தால், அதைத் திறக்க உரிமை இல்லை என்று பொருள். நிரல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இது எரர் கோட், அந்த எண்ணைக் கவனிப்பது நிரலை எழுதியவர் பாடு. சி0000005 (ஆங்கில C-யில் தொடங்கும் பதினறும எண், அதாவது 16ஐ அடியாகக் கொண்ட எண்) வேறு சங்கதி, அது எக்செப்ஷன். தொடக்கூடாத நினைவக முகவரியை நிரல் தொட்டிருக்கிறது. அதைப் பிடிக்க யாரும் இல்லையென்றால் அங்கேயே செத்துவிடும். இரண்டையும் 'அணுகல் பிழை' என்று எழுதினால், கடைசி 5ஐப் பார்த்துவிட்டு 'நிர்வாகி உரிமையில் ஓட்டிப் பார்' என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். (பதிவுக் கோப்பில் -1073741819 என்று இருந்தாலும் அதே சி0000005தான், பதினறும எண்ணைக் கூட்டல்-கழித்தல் குறியோடு வழக்கமான பதின்மத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே.)

என் பரிந்துரை: திரும்பி வரும் எண் 'பிழை எண்', எக்செப்ஷன் 'இடறல்'. இடறியவர் எல்லாம் விழுவதில்லை, தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தால் நடை தொடரும். 'இடறிய முகவரி', 'இடறல் எண்', 'பிடிபடாத இடறல்' எல்லாம் சிரமமில்லாமல் வருகின்றன. 'பிடிபடாத விதிவிலக்கு' என்றால் யாருக்கோ சலுகை கொடுத்ததுபோல் இருக்கிறது.

அப்புறம், 5க்கு 'அனுமதி மறுப்பு', சி0000005க்கு 'நினைவக அத்துமீறல்' என்று வைக்கலாம். லினக்ஸில் இந்த அத்துமீறல் பெரும்பாலும் 11ஆம் சமிக்ஞையாக (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பாக) வரும். ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) 139 என்று காட்டும், அதாவது 128+11. அங்கேயும் இந்தப் பெயர் பொருந்தும்.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு. 80000003ம் எக்செப்ஷன்தான், ஆனால் அது பிரேக்பாயிண்ட், அதாவது நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கும் இடம். பிழை தேடுபவரே பெரும்பாலும் வேண்டுமென்றே வைப்பது. முதல் இலக்கம் 8 என்றால் எச்சரிக்கை, சி என்றால் பிழை என்று விண்டோஸே பிரித்திருக்கிறது. ஆக எக்செப்ஷன் எல்லாவற்றையும் 'பிழை' என்பது தவறு, சரி. ஆனால் தானே வைத்த இடத்தில் நிற்பதை 'இடறல்' என்பதும் முழுதாக ஒட்டவில்லை. அதையும் சேர்த்து அணைக்கிற சொல் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள், 'இடறலை' விட்டுவிடத் தயார்.