மைலேஜுக்கும் தொப்பூர் ஏற்றத்துக்கும் ஒரே கலவை அமைப்புப் போதுமா?

கேள்வி – தருமபுரி

என்னுடையது கார்புரேட்டர் உள்ள பழைய 100 சிசி வண்டி. வார நாட்களில் தனியாகக் கிருஷ்ணகிரிக்குச் சென்று வருகிறேன். சேலத்திலிருந்து திரும்பும்போது பின்னால் ஆளும் சரக்குமாகத் தொப்பூர் கணவாயை ஏற வேண்டியிருக்கிறது. மைலேஜுக்காக, கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகிய பிறகு, ஆக்சிலரேட்டரை விட்டால் சைலன்சரில் வெடிப்புச் சத்தம் வருகிறது, ஏற்றத்தில் இழுவையும் இல்லை. கணவாய்க்கு முன் மட்டும் ஸ்க்ரூவை மாற்றிக்கொள்ளலாமா?

பதில் 1 – கிருஷ்ணகிரி

அதனால் பயன் இராது, ஐயா. அந்த ஸ்க்ரூ ஐடிலிங்கையும் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது எஞ்சின் ஓடுவது), ஆக்சிலரேட்டர் ஏறக்குறைய கால் பங்கு திறக்கும் வரையிலான ஓட்டத்தையும் மட்டுமே ஆள்கிறது. அதற்கு மேல் முக்கால் பங்கு வரை கார்புரேட்டருக்குள் ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியும், முழுத் திறப்பில் மெயின் ஜெட் என்னும் பெட்ரோல் துளையும்தான் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். சிக்கனத்துக்கு அது 15, 16 வரை போகலாம், முழு இழுவைக்கோ 12.5 முதல் 13 வரை இருக்க வேண்டும். பாரத்தோடு ஏறும்போது கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிஸ்டனுக்கே கேடு வரும்.

வெடிப்புச் சத்தத்துக்கு மட்டும் ஸ்க்ரூ காரணமாக இருக்கலாம். எஞ்சின் நன்கு சூடான பின், வண்டியின் கையேட்டில் உள்ள சுற்று எண்ணிக்கையிலிருந்து தொடங்கி, ஐடிலிங் வேகம் உச்சத்தை எட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகத் திருகக் கலவை ரிச்சாகும் (பெட்ரோல் பங்கு கூடும்), எஞ்சின் பக்கம் இருந்தால் லீனாகும். பட்டறைகளிலேயே இதைக் குழப்பிக்கொள்வது உண்டு.

பதில் 2 – பாலக்கோடு

ஜெட்டை மாற்றும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இழுவை குறையும் இடத்தில், கலவையை ரிச்சாக்கும் சோக்கைச் சிறிது இழுங்கள்; இழுவை கூடினால் லீன், மேலும் மந்தமானால் ரிச். ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்திருந்தால் லீன், கரி படிந்திருந்தால் ரிச், இளம்பழுப்பாக இருந்தால் சரி. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் பழைய வண்டிகளைச் சற்று லீனாக்குகிறது.

கேட்டவர்

ஏற்காட்டுக்கும் செல்வதுண்டு. அங்கே பெட்ரோலைக் கூட்ட வேண்டுமா?

பதில் 1 – கிருஷ்ணகிரி

கூட்டக் கூடாது. உயரத்தில் காற்று மெலிவதால் கலவை தானாகவே ரிச்சாகிவிடும். தொப்பூரில் அந்த அளவுக்கு உயர வேறுபாடு இல்லை. அங்கே கியரை முன்கூட்டியே குறைத்து ஏறுங்கள். ஏர் ஃபில்டர், சங்கிலி, பிரேக் உரசல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அப்போதும் இழுக்கவில்லை என்றால் மட்டும் ஊசியைப் பிடித்திருக்கும் கிளிப்பை, ஊசியில் உள்ள பள்ளங்களில் ஒன்று கீழே இறக்குங்கள்; ஊசி உயர்ந்து நடுத்திறப்பில் கலவை ரிச்சாகும். சில வண்டிகளில் அந்தப் பள்ளங்களே இருக்காது என்பதால், கழற்றுவதற்கு முன் பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.