பழைய ஜிப்ஸி: 70-இல் ஸ்டியரிங் நடுக்கம், பள்ளத்தில் இறங்கினால் பேயாட்டம்

கேள்வி | மன்னார்குடி

2006 மாடல் ஜிப்ஸி கிங், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் 2 அங்குலம் உயர்த்தும் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) 215/75 ஆர்15 மட் டயரும் போட்டிருக்கிறார். திருத்துறைப்பூண்டி ரோட்டில் 65-ஐத் தாண்டினால் ஸ்டியரிங்கில் பொடி நடுக்கம், 80-க்கு மேல் குறைந்துவிடுகிறது. இதைவிடப் பயமாக இருப்பது இன்னொன்று: 45, 50-இல் போகும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறினால், ஸ்டியரிங் இடமும் வலமும் வெட்டி வெட்டி ஆடுகிறது. ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது நடுக்கம் எதுவும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் ஆட்டத்தை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில் | கும்பகோணம்

டேம்பரை இப்போது தொடாதீங்க தம்பி. புது டேம்பர் ஆட்டத்தைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். உள்ளே தேய்வது தேய்ந்துகொண்டேதான் இருக்கும்.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறு. குறிப்பிட்ட வேகத்தில் வந்து அதற்கு மேல் மறைவது சக்கரத்தின் எடைச் சமநிலை. பிரேக்கில் நடுக்கம் இல்லாததால் டிஸ்க்கை இப்போதைக்கு விட்டுவிடலாம். வண்டி வயலுக்குப் போகிறதா? நம்ம டெல்டா களிமண் ரிம்மின் உட்பக்கம் அப்பிக் காய்ந்தால், பேலன்ஸ் செய்த சக்கரமும் கெட்டுப்போகும். நான்கையும் கழற்றி உட்பக்கம் சுரண்டிக் கழுவுங்கள். பிறகும் நடுக்கம் இருந்தால் முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டுங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டுச் சீட்டுக்குப் போனால் டயரிலோ ரிம்மிலோதான் குறை.

பள்ளத்து ஆட்டம் வேறு. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆடினால் கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின் பேரிங்.

டை ராட் எண்டுகளை (முன் சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனையிலுள்ள பந்து மூட்டுகள்) வண்டி தரையில் நிற்கும்போது பாருங்கள். ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இடம் வலம் திருப்பட்டும், நீங்கள் ஒவ்வொரு எண்டின் மேலும் கை வையுங்கள். கம்பி நகர்ந்து பந்து பிந்தினால் அந்த எண்டு போய்விட்டது. ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், பட்டை புஷ், யூ போல்ட் இறுக்கத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கேட்டவர் | மன்னார்குடி

ரிம்மிலிருந்து கட்டி கட்டியாக மண் வந்தது. கழுவிப் பேலன்ஸ் செய்ததும் 70 நடுக்கம் போய்விட்டது. இடது முன் சக்கரம் மேலும் கீழும் ஆடுகிறது, பிரேக் அழுத்தியும் ஆட்டம் குறையவில்லை. வலது பக்கம் ஆட்டம் இல்லை. டை ராட் எண்டுகள் கெட்டியாக இருக்கின்றன.

பதில் | கும்பகோணம்

அப்படியானால் இடது கிங்பின்தான். வாய்க்காலில் இறக்கி ஏற்றும் வண்டிகளில், நக்கிளின் (கிங்பின்னில் திரும்பும், சக்கரத்தைத் தாங்கும் பகுதி) உட்பக்க ஆயில் சீல் கிழிந்து சேற்று நீர் புகும். திறக்கும்போது கிரீஸ் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் அதுதான் காரணம். மேல், கீழ் இரண்டு பேரிங்கையும் கப்போடு (பேரிங் உருளைகள் ஓடும் வெளி வளையம்) மாற்றுங்கள், சீலும் புதிது. பேரிங்கை விட்டுவிட்டு ஷிம்மை (இறுக்கத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடு) மட்டும் எடுத்து இறுக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழி விழுந்த கப் நேர் நிலையில் தளரும், திருப்பினால் இறுகும்.

புது பேரிங் போட்டபின் ஷிம் கணக்கு முக்கியம். டை ராட்டைக் கழற்றிவிட்டு நக்கிளைக் கையால் திருப்பினால், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீரான இறுக்கம் வேண்டும். ஷிம் எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். வலது பக்கத்தையும் திறந்து கிரீஸைப் பார்த்துவிடுங்கள்.

பதில் | நாகப்பட்டினம்

பட்டை உயர்த்திய வண்டி என்பதால் ஒன்று சேர்க்கிறேன். கிங்பின் வேலை முடிந்ததும் அலைன்மென்டில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டுமல்லாமல் காஸ்டரையும் (பக்கத்திலிருந்து பார்த்தால் கிங்பின் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) அளக்கச் சொல்லுங்கள். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே கெட்டி ஆக்ஸிலில் இருக்கும் இந்த மாதிரி வண்டியில் டோவை மட்டும்தான் டை ராடில் திருகிச் சரிசெய்யலாம். காஸ்டர் தவறினால் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் ஸ்பேசர் போட்டிருந்தால் கழற்றுங்கள், அது கிங்பின் மேல் விழும் நெம்பு விசையைக் கூட்டும்.

கேட்டவர் | மன்னார்குடி

ஸ்பேசர் இல்லை அண்ணே. அப்போ டேம்பர்?

பதில் | கும்பகோணம்

கிங்பின், அலைன்மென்ட் இரண்டும் முடிந்தபின் ஒரு முனையைக் கழற்றி, கையால் முழு நீளம் இழுத்து அமுக்கிப் பாருங்கள். நடுவில் வெறுமையாக ஓடினாலோ, தண்டில் எண்ணெய்க் கசிவு இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.