ஐஸ் பெட்டி செய்யிற பிள்ளையின் முயற்சியாண்மையை வினாக்கொத்தால் அளக்கலாமா?

உவர்மலை மிஸ்:
திருமலையில பொறியியல் பீடம் இல்லை. கோணேசபுரி வளாகத்தில பிரயோக விஞ்ஞானமும் வணிகமும் இருக்கு. பொறியியல் பட்டம் வேணுமெண்டால் பிள்ளை ஒலுவிலுக்கோ அறிவியல் நகருக்கோ பேராதனைக்கோ பெட்டி கட்ட வேண்டியதுதான். இஞ்ச மிஞ்சுறது தொழில்நுட்ப டிப்ளோமா வகுப்புகள். முயற்சியாண்மை படிப்பிச்சால் பிள்ளை மாறுதோ எண்டு பாக்க நான் யோசிச்ச ஆய்வு அதிலதான். இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர். ஒண்டுக்கு 12 கிழமை முயற்சியாண்மை அலகு, மற்றதுக்கு வழமையான பாடம். தொடக்கத்திலயும் முடிவிலயும் லினான், சென் இருவரும் 2009இல் வெளியிட்ட முயற்சியாண்மை நோக்க வினாக்கொத்து, 7 புள்ளி அளவுகோல். செயற்றிட்டம், வள்ளத்தில மீன் பழுதாகாமல் வைக்க ஒரு ஐஸ் பெட்டி. ஒக்டோபரில தொடங்கலாம் எண்டு யோசனை. குறையைச் சொல்லுங்கோ.

கொட்டியாரம்:
மிஸ், முதற் சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது. ‘முயற்சியாளர்’ என்று போட்டால் பிள்ளைக்கு வணிகக் கல்விப் பாடப்புத்தகம் ஞாபகம் வரும்; எல்லாரும் 6, 7 போடுவார்கள். ‘சொந்தத் தொழில்’ என்று போட்டால் தையல் கடையும் ஓட்டோவும் கண்முன் வரும்; அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளை 2 போடும். ‘முதலாளி’ என்றால் அது வேறொரு கதை. மொழிபெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடுவதில் இது பிடிபடாது. ஆறேழு பிள்ளைகளைத் தனித்தனியே இருத்தி, கேள்வியை வாசிக்கும்போது மனதில் வருவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கேள்வி வழுக்குகிறது என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

அடுத்தது, உங்களிடம் 80 பேர் இருப்பதாக நினைக்காதீர்கள். ஒரே ஆசிரியர், ஒரே வகுப்பறை என்றால் விடைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுதல் (0 என்றால் இல்லை, 1 என்றால் முழுதாக) 0.05தான் என்றாலும், வகுப்பில் ஒருவரோடு மற்ற 39 பேரையும் சேர்த்தால் 1 + 39 × 0.05 = 2.95. 80ஐ அதனால் பிரித்தால் 27; உங்கள் 80 பேர் தனித்தனியான 27 பேருக்குத்தான் சமம். நடுத்தர அளவான வித்தியாசத்தை 80 வீத வலுவோடு பிடிக்கவே பக்கத்துக்கு 64 பேர் வேண்டும். அதைவிட மோசம், பக்கத்துக்கு ஒரு வகுப்புத்தான் என்றால் அலகு செய்ததையும் ஆசிரியர் செய்ததையும் பிரிக்கவே ஏலாது.

சீனக்குடா எஞ்சினியர்:
வினாக்கொத்தைப் பிறகு திருத்துங்கோ. அந்த 12 கிழமையை எந்தப் பாடத்தில வெட்டி எடுக்கிறியள்? வெப்பவியலில எண்டால் உங்கட ஐஸ் பெட்டியே சாட்சி சொல்லும். உள்ளளவு 1.0 × 0.5 × 0.5 மீற்றர், சுவர் 50 மில்லிமீற்றர் ரெஜிபோம், அதுதான் வெள்ளை நுரைத் தட்டு, எண்டு வையுங்கோ. பரப்பு 2.5 சதுர மீற்றர். வெப்பக் கடத்தாறு 0.035, வெளியில 32 பாகை, உள்ளுக்கு 0. 0.035 × 2.5 × 32 ÷ 0.05 = 56 வாற்று. 12 மணித்தியாலத்தில 2.4 மெகாயூல். ஒரு கிலோ ஐஸ் கரைய 334 கிலோயூல் வேணும், ஆக சுவரால போறது கிட்டத்தட்ட 7 கிலோ.

இப்ப மீனைப் பாருங்கோ. 50 கிலோ மீனை 30 பாகையில இருந்து 0க்குக் கொண்டுவர 50 × 3.6 × 30 = 5400 கிலோயூல், 16 கிலோ ஐஸ். சுவரைவிட மீன்தான் ஐஸைத் தின்னுது. இது விளங்காத பொடியன் சுவரை 100 மில்லிமீற்றர் ஆக்குவான். வள்ளத்தில இடம் கூடப் போறேல்லை, வெளியளவு அதே அளவுதான். உள் கொள்ளளவு 250 லீற்றரில இருந்து 144க்கு விழும். மிச்சம் பிடிச்ச ஐஸ் அஞ்சு கிலோகூட வராது. மனப்பாங்கு 7க்கு 7 இருந்தாலும் அந்தப் பெட்டியை வள்ளத்துக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி தொட்டும் பாக்க மாட்டார்.

பாலையூற்றான்:
கணக்கு சரி அண்ணை. ஆனா 12 மணித்தியாலம் எண்ட இலக்கம் எங்கால வந்தது? எந்த வெப்பவியல் புத்தகத்திலயும் அது இல்லை. பின்னேரம் போய் விடியக் கரைக்கு வாற வள்ளத்துக்கு உங்கட கணக்குச் சரி. அதே பெட்டியைப் பலநாள் கலத்தில வைச்சுப் பாருங்கோ. நாளுக்கு 14.5 கிலோ, அஞ்சு நாளில சுவரால மட்டும் 72 கிலோ. மீனுக்கு அதே 16தான். அப்ப அந்தப் பொடியன்ர தடிச்ச சுவர்தான் சரி. எந்த வள்ளம், எத்தனை மணித்தியாலம் எண்டு கரைக்குப் போய்க் கேட்டவனுக்குத்தான் எந்தச் சமன்பாட்டைப் போடுறது எண்டு தெரியும்.

கேக்கிற விதத்திலதான் இந்த அலகுகள் கவிழுது. ‘இப்பிடி ஒரு பெட்டி செய்தால் வாங்குவியளோ?’ எண்டு கேட்டால் மனுசர் முகத்துக்காக ‘ஓம் தம்பி’ எண்டுதான் சொல்லும். அதை அப்பிடியே ‘தேவை உறுதி செய்யப்பட்டது’ எண்டு அறிக்கையில எழுதிப்போடுவினம். கடைசியாக் கடலுக்குப் போன நாளைப் பற்றிக் கேக்கோணும். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, எத்தனை கட்டி ஐஸ் ஏத்தினது, கரைக்கு வரேக்க எவ்வளவு கரையாமல் கிடந்தது, மூடி எத்தனை தரம் திறந்தது, எந்த மீனுக்கு லொறிக்காரர் விலையை வெட்டினவர். அமெரிக்காவின் தேசிய அறிவியல் மன்றம் 2011இல் தொடங்கின ஐ-கோர்ப்ஸ் திட்டத்தில ஒரு அணி ஏழு கிழமைக்குள்ள 100 பேரைச் சந்திக்கோணும். இஞ்ச நாலு பேர் அணிக்கு 15 போதும், ஆனா 15 பேரும் மீனவராய் இருக்கக் கூடாது. ஐஸ் விக்கிறவர், லொறிக்காரர், சந்தையில வெட்டி விக்கிறவர் எல்லாரும் வரோணும்.

சீனக்குடா எஞ்சினியர்:
தம்பி, நீர் சொல்லுறதுக்குப் பேர் நல்ல வடிவமைப்பு. மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சுவீடன்ர மூண்டு பல்கலைக்கழகங்களும் 2000இல தொடங்கின சிடிஐஓ எண்ட பொறியியல் கல்வி முறை கருத்தாக்கல், வடிவமைத்தல், நடைமுறைப்படுத்தல், இயக்கல் எண்டு போகும். அதில முதல் எழுத்தே அதுதான், தேவையை உள்வாங்கிக் கருத்தாக்குறது. அதுக்கு ஏன் முயற்சியாண்மை எண்டு புதுச்சட்டை போடுறியள்?

பாலையூற்றான்:
வித்தியாசம் இழப்பிலதான். வடிவமைப்புப் பாடம் விவரக்கூற்றைக் கையில தந்து ‘இதைச் செய்’ எண்டும். முயற்சியாண்மை ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001இல எழுதினது மறுபக்கம்: கையில என்ன இருக்கு, எவ்வளவு போனால் தாங்கலாம், அதில இருந்து தொடங்கு. திருமலையில பிள்ளைக்குக் கையில இருக்கிறது வள்ளம் கட்டுற இடத்தில மிஞ்சுற கண்ணாடி நார்த் துண்டும் கொஞ்ச ரெசினும். புதுத் தட்டு வாங்கக் காசு கேட்டு மனு எழுதாமல், அதோட ஒரு மாதிரிப் பெட்டியை ஒரு கிழமையில கரைக்குக் கொண்டுபோறது பழக்கிறதுதான் அலகு. கேர்ன் அறக்கட்டளை நடத்துற பொறியியல் வலையமைப்பும் ஆர்வம், தொடர்புபடுத்தல், பெறுமதி உருவாக்கல் எண்டுதான் பேசுது. கடை திறக்கச் சொல்லேல்லை.

சீனக்குடா எஞ்சினியர்:
நல்லாக் கொண்டுபோவினம்! வள்ளத்துக்குப் பூசுறது பொலியெஸ்ரர் ரெசின். அதுக்குள்ள ஸ்ரைறீன் இருக்கு, ரெஜிபோமும் ஸ்ரைறீனால ஆனதுதான். நேரடியாப் பூசினால் கொஞ்ச நேரத்தில தட்டு கரைஞ்சு குழி விழும். சுவர் 50 இருந்த இடத்தில 20ம் இருக்காது. ஒண்டில் எபொக்சி ரெசின் பாவிக்கோணும், இல்லாட்டி பொலியூறிதேன் நுரைக்கு மாறோணும்.

கொட்டியாரம்:
மிஸ், நீங்கள் அளக்கவேண்டிய பொருள் இந்தக் குழிதான். தட்டுக் கரைந்த நாளில் ஒரு பிள்ளை அதே ரெசினை இன்னும் மெல்லிசாகப் பூசிப் பார்க்கும். ஒன்று கடையில் கேட்ட ரெசின் பிழை என்று எழுதும். இன்னொன்று ஏன் கரைந்தது என்று தேடி, எபொக்சிக்குப் போனால் பெட்டியின் செலவு எவ்வளவு ஏறும், அந்தச் செலவைச் சம்மாட்டி ஏற்பாரா என்று திரும்பக் கரைக்குப் போகும். மூன்றுமே வினாக்கொத்தில் 6 போடக்கூடிய பிள்ளைகள். ஒவ்வொரு அணியும் கிழமைக் குறிப்பேடு எழுதட்டும்: எதை மாற்றினோம், எந்தத் தகவலால் மாற்றினோம், அந்தத் தகவல் யாரிடமிருந்து வந்தது.

குறிப்பேடு அலகு படித்த வகுப்பில் மட்டுந்தான் இருக்கும். ஒப்பிட, முடிவில் எல்லாருக்கும் ஐஸோடு சம்பந்தமில்லாத பிரச்சினை ஒன்றைக் கொடுங்கள். கிண்ணியாவிலிருந்து கொழும்புக்குப் போகும் எருமைத் தயிர்ச் சட்டி வழியில் உடைகிறது என்று வையுங்கள். 40 நிமிடம். தீர்வு எழுத வேண்டாம். யாரிடம், என்ன கேட்பாய், அந்த விடை உன் வடிவமைப்பில் எந்த அளவை மாற்றும்? கடைசிப் பகுதிக்குத்தான் கூடிய புள்ளி. பெயரையும் வகுப்பையும் மறைத்து, இருவர் தனித்தனியே திருத்த வேண்டும். இருவரின் புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோஹனின் கப்பா 0.6க்குக் கீழே போனால் பிழை பிள்ளைகளில் இல்லை, உங்கள் புள்ளித்திட்டத்தில்.

உவர்மலை மிஸ்:
அப்ப வினாக்கொத்தைத் தூக்கி எறியவோ?

கொட்டியாரம்:
எறிய வேண்டாம், கூட்டுப் புள்ளி ஏறவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நெதர்லாந்தில் மாணவர் சிறு கம்பனி நடத்தும் திட்டத்தை ஒஸ்டர்பீக் குழுவினர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். தொழில் தொடங்கும் நோக்கம் குறைந்திருந்தது. அதே ஆண்டு வெளியான மியூனிக் ஆய்வு கட்டாயப் பாடம் ஒன்றைப் பற்றியது. அங்கேயும் சராசரி நோக்கம் சற்று இறங்கியது, ஆனால் தனக்கு இது ஒத்துவருமா வராதா என்று பிள்ளைகளுக்குத் தெளிவு வந்திருந்தது. ‘என்னால் ஏலும்’ என்று முதல் நாள் 6 போட்ட பிள்ளை, 15 பேரைச் சந்தித்த பிறகு 5 போடும். திறமை இறங்கவில்லை, அது கையில் வைத்திருந்த முழம் நீண்டுவிட்டது. அதனால் முடிவில் ஒரு பத்தி கூட்டுங்கள்: ‘தொடக்கத்தில் நீர் உண்மையில் எத்தனையில் இருந்தீர்?’ அதிலும் ஆசிரியரைச் சந்தோசப்படுத்தும் விடை வரும். ஆகவே புள்ளி போடுகிறவரே தாளைச் சேர்க்கக் கூடாது.

உவர்மலை மிஸ்:
சரி, மாத்திறன். நாலு வகுப்பு, இரண்டு ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் அலகுள்ள வகுப்பு ஒண்டு, இல்லாத வகுப்பு ஒண்டு. அலகு கிடைக்காத வகுப்புகளுக்கு அடுத்த தவணையில அதே அலகு. முதல் மூண்டு கிழமை வெப்பக் கணக்கு, எஞ்சினியர் சொன்ன மாதிரி சுவரையும் மீனையும் வேறவேறயாக் கணிக்காமல் ஒருத்தரும் கரைக்குப் போகேலாது.

சீனக்குடா எஞ்சினியர்:
வெப்பக் கணக்குக்கு நாப்பது புள்ளியாவது வேணும். இல்லாட்டிக் கரையில கதைக்கத் தெரிஞ்ச பிள்ளை சித்தியடையும், கணக்குத் தெரிஞ்ச பிள்ளை மூலையில நிக்கும்.

பாலையூற்றான்:
நாப்பது கூட. கணக்குப் பிழையெண்டால் திருத்திக் கொண்டுவரச் சொல்லலாம், கேள்வி பிழையெண்டால் முழுப் பெட்டியும் பிழை. இருபத்தைஞ்சு போதும்.

இன்னொண்டு மிஸ், ஒக்டோபர் வேண்டாம். அலகு நடுவில வரேக்க வாடைக் காத்து தொடங்கிடும், வள்ளமெல்லாம் கரையில ஏறிக் கிடக்கும், லொறியும் வராது. அப்ப போய்க் கேட்டால் ஞாபகத்தில இருந்துதான் சொல்லுவினம், ஐஸ் மிச்சத்தைக் கண்ணால பாக்கேலாது. ஜூலையில தொடங்கினால் சந்திப்பை ஓகஸ்ட்டுக்குள்ள முடிக்கலாம்.

உவர்மலை மிஸ்:
ஜூலை ஏலும். புள்ளியை இன்னும் முடிவெடுக்கேல்லை.

சீனக்குடா எஞ்சினியர்:
எந்த மாசமெண்டாலும் ரெசின் நாளில அறை யன்னலெல்லாம் திறந்திருக்கோணும், கையுறை வேணும். இந்த வெக்கைக்கு, ரெசினை இறுக வைக்கிற கற்றலிஸ்ட்டை 100 கிராம் ரெசினுக்கு 1 கிராமுக்கு மேல போடவிடாதேங்கோ; பாத்திரத்திலேயே கொதிச்சு இறுகும். ஒரு சின்ன ரெஜிபோம் துண்டையும் முதல்ல பூசிக் காட்டுங்கோ, கரையிறதைப் பிள்ளைகள் பாக்கட்டும்.

பாலையூற்றான்:
காட்ட வேண்டாம் அண்ணை. அதைக் காட்டினால் குறிப்பேட்டில எழுத என்ன மிஞ்சும்?