மன்ற அரங்குக்குப் பொலிஸ் காக்கியோட வரலாமோ?

கடல்முகம்: “நம்பிக்கை வளரவேணுமெண்டா பொலிஸார் சீருடையோட முன்வரிசையில இருக்கவேணும்” எண்டு ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். மன்ற அரங்கெண்டா சனமும் எழும்பி நடிக்கிற நாடகம்: 15 நிமிசக் காட்சி அநியாயத்தில முடியும். ரெண்டாந்தரம் ஓட்டேக்க சனத்தில ஒராள் “நிறுத்து” எண்டு எழும்பி, பாதிக்கப்பட்டவரின்ர இடத்தில நிண்டு வேற வழி பாக்கவேணும். முன்னால காக்கி இருந்தா எவன் எழும்புவான்?

நிலாவெளியான்: மேதாவி நான்தான். சிவில் உடுப்பில வந்தா உளவுப்பிரிவு எண்டு சனம் வாயே திறக்காது. சீருடை எண்டா ஆள் ஆரெண்டாவது தெரியும்.

கடல்முகம்: தெரிஞ்சு? 2006 ஜனவரி 2இல காந்தி சிலையடியில 5 மாணவரைச் சுட்டுக்கொண்ட திருகோணமலை இது. வழக்கில நிண்ட பொலிஸ்காரர் 13 பேரும் 2019இல விடுதலை. இஞ்ச காக்கி வெறும் உடுப்பில்லை, தம்பி.

கதிரைஅடுக்கி: கதிரையை வட்டமாப் போட்டா முன்வரிசையே இல்லை. 50 பேருக்கு மேல விடாதேங்கோ. உப்புவெளிக் கடற்கரையும் வேண்டாம். கச்சான் காத்து குரலைக் கடலுக்குள்ள கொண்டுபோயிடும்.

கடல்முகம்: வட்டத்தில இருந்தா காக்கி வெள்ளையாயிடுமோ?

மீன்பாடி: எங்கட மட்டக்களப்பில கேட்டிட்டு எழுதியிருக்கலாம். இந்த அரங்கை உருவாக்கின பிரேசில்காரர் போவால், றியோ நகரசபையில 1993–96இல இதை வைச்சே 13 சட்டம் கொண்டுவந்த மனுசன். சனம் மாத்தி நடிக்கிறது பாதிக்கப்பட்டவரை மட்டும்தான். பொலிஸ் பாத்திரத்தை ஒராள் நல்லவனா நடிச்சிட்டா பிரச்சினையே மாயமாப் போயிடும், பிறகென்ன விவாதம்?

கடல்முகம்: வந்திட்டார் மட்டக்களப்பார்! கூத்தும் அவையின்ரதாம், போவாலும் அவையின்ரதாம். காக்கிக்குப் பதில் மட்டும் இல்லை.

மல்லிகா: பொலிஸ் பெரியவருக்குப் பொன்னாடை, 20 நிமிச உரை, தேத்தண்ணி, பிறகு ஜீப் போயிடும். “உரை இல்லை” எண்டு அழைப்பிலயே போடுங்கோ. முறைப்பாடு எழுதுற கொஸ்தாப்பல்தான் கடைசிமட்டும் இருக்கவேணும். போன் எல்லாம் வாசலில. வீடியோ வெளிய போனா எழும்பின பொம்பிளையை அடுத்தநாள் ஆர் பாக்கிறது?

நிலாவெளியான்: சரியாச் சொன்னியள் அக்கா. காட்சியும் சின்னனாப் போதும். அடையாள அட்டை துலைஞ்ச முறைப்பாடு. அவ தமிழில சொல்லுறா, அவர் சிங்களத்தில எழுதி “சைன் பண்ணுங்க” எண்டுறார். ஒரு ஆச்சி எழும்பி, பேனையை மேசையில வைச்சிட்டு, “முதல்ல தமிழில வாசி மோனை” எண்டா, அது அந்தக் கொஸ்தாப்பலுக்கு அதே இடத்தில விளங்கவேணும். வசனத்துக்கு வசனம் மொழிபெயர்த்தா 15 நிமிசம் 30 ஆகும், சிரிப்பும் பிந்தி வரும். சனத்துக்கும் மேடைக்கும் நடுவில நிண்டு நடத்திற ஜோக்கருக்கு ரெண்டு பாஷையும் தெரியவேணும், நடிகர் பேச்சைக் குறைச்சு உடம்பால காட்டவேணும்.

மீன்பாடி: ஜோக்கர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. “இது உண்மையில நடக்குமோ?” எண்டு சனத்திட்டத் திருப்பிக் கேக்கிறதுதான் அவற்ற வேலை. திருமலையில ஜோக்கரே பிரசங்கம் வைக்கிறார்.

கடல்முகம்: உங்கட ஊர்ப் பிரசங்கத்தை விடவோ? நான் கேட்டது ஒண்டுதான். அந்த ஆச்சி பேனையை வைக்கேக்க முன்னால இருக்கிறவர் காக்கியோ, சாரமோ?

நிலாவெளியான்: காக்கி. இடுப்பில துவக்கு இல்லாமல். மேல எழுதினதை வாசியுங்கோ.

கடல்முகம்: துவக்கு இல்லாமல் எண்டு மேல எங்க எழுதினியள்? இப்பதானே சேக்கிறியள்!

கதிரைஅடுக்கி: மண்டபக் காசு ஆர் கட்டுறது?

கடல்முகம்: காசு பிறகு. முதல்ல காக்கி.