பால் ஸ்மித் சைக்கிளுக்குச் செய்தது என்ன, கோடு போட்டதைத் தவிர?

கியர்கணேசன்:
ஞாயிறு ரைடு முடிந்து காபி குடிக்கும்போது கிளம்பிய பேச்சு இது. பாதியில் விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே வைக்கிறேன். நம் குழுவில் ஒருவர், வண்ணக் கோடுகளுக்குப் பேர்போன பிரிட்டிஷ் பேஷன் டிசைனர் பால் ஸ்மித்தும் ராஃபா என்ற சைக்கிள் உடை நிறுவனமும் சேர்ந்து போட்ட பழைய ஜெர்சி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். கைமாறிய ஜெர்சிக்குப் புது ஜெர்சியை விட அதிக விலை கொடுத்திருக்கிறார். கேட்டால், "அவர் சாதாரண டிசைனர் இல்லை, சைக்கிள்காரர்" என்கிறார்.

என் வாதம் இதுதான். இந்த மனிதர் 1998ல் மினி காருக்குத் தன் வண்ணக் கோடுகளைப் போட்டார். 2010ல் எவியன் தண்ணீர் பாட்டிலுக்குப் போட்டார். லைகா கேமரா, ஆங்கிள்பாய்ஸ் மேஜை விளக்கு, 2015ல் 27 நிறத்தில் ஒரு லேண்ட் ரோவர் டிஃபெண்டர் என்று வரிசை நீள்கிறது. விளக்குக்கும் பாட்டிலுக்கும் செய்ததைத்தானே சைக்கிளுக்கும் செய்கிறார்? இதில் சைக்கிள் மேல் காதல் எங்கே இருக்கிறது? நானும் 22 வருடமாகச் சைக்கிள் ஓட்டுகிறவன். இந்த விளையாட்டை ஒரு பேஷன் பெயர் வந்து தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஊசிநூல்:
கணேசன் அண்ணா, நீங்கள் கதையைக் கடைசியிலிருந்து படிக்கிறீர்கள். அவர் பேஷனிலிருந்து சைக்கிளுக்கு வந்தவர் இல்லை. சைக்கிளிலிருந்து கீழே விழுந்ததால் பேஷனுக்குப் போனவர்.

1946ல் நாட்டிங்காமை ஒட்டிய பீஸ்டனில் பிறந்தார். 11 வயதில் அப்பா ஒரு ரேஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். உடனே பீஸ்டன் ரோட் கிளப்பில் சேர்ந்துவிட்டார். 15 வயதில் பள்ளியை விட்டு, ஒரு துணிக் கிடங்கில் எடுபிடி வேலைக்குப் போனார். அங்கேயும் சைக்கிளில்தான் போய்வந்தார். ரேஸ்காரர் ஆவதைத் தவிர வேறு யோசனையே அவருக்கு இல்லை. 17 வயதில் சாலையில் ஒரு காரோடு மோதி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரேஸ் கனவு அங்கேயே முடிந்தது. ஆஸ்பத்திரியில் பழகியவர்களைப் பிறகு ஒரு பப்பில் சந்திக்கப் போனார். ஓவியக் கல்லூரி மாணவர்கள் கூடுகிற இடம் அது. நிறம், கட்டடக்கலை, துணி என்று அவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் அந்தப் பக்கம் திரும்பினார்.

1970ல் நாட்டிங்காமின் பையார்ட் லேனில் திறந்த முதல் கடை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், ஜன்னல்கூட இல்லாத அறை. முதலில் வெள்ளியும் சனியும் மட்டும்தான் திறந்திருக்கும், மற்ற நாளில் வேறு வேலை செய்து பணம் சம்பாதித்தார். அப்படிப்பட்ட ஒருவர் 60 வயதுக்கு மேல் திரும்பிவந்து சைக்கிள் ஜெர்சி போடுகிறார் என்றால், அதைத் தண்ணீர் பாட்டிலோடு ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கியர்கணேசன்:
அக்கா, கதை உண்மை. மறுக்கவில்லை. ஆனால் வாழ்க்கைக் கதை ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம். எனக்குச் சின்ன வயதில் கால் உடைந்தது என்பதற்காக நான் தைக்கும் செருப்பு நல்ல செருப்பு ஆகிவிடுமா? அந்த ஜெர்சியில் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்ன இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

பெலோட்டான்:
நான் சொல்கிறேன். ஜிரோ டி இத்தாலியா என்பது இத்தாலியில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் போட்டி. அதில் ஒவ்வொரு பிரிவிலும் முன்னணியில் இருப்பவர் போடும் ஜெர்சிகளை 2013ல் வடிவமைத்தவர் பால் ஸ்மித். ஒட்டுமொத்த முதலிடத்துக்கு ரோஸ், புள்ளிகளுக்குச் சிவப்பு, மலைக்கு நீலம், இளம் வீரருக்கு வெள்ளை. அந்த ரோஸ் நிறம் 1931லிருந்து வருகிறது. போட்டியை நடத்தும் காஸெட்டா பத்திரிகை அச்சாகும் தாளின் நிறம் அது. கோட்டுக்குப் பேர்போன ஒரு டிசைனரிடம் ரோஸ் ஜெர்சியைக் கொடுத்து, இந்த நிறத்தில் கை வைக்கக்கூடாது என்றால் அவருக்கு என்ன மிச்சம்? அடக்கம் மட்டும்தான் மிச்சம். அந்த அடக்கம் சைக்கிள் தெரிந்தவனுக்குத்தான் வரும்.

அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். நேப்பிள்ஸில் முதல் நாளே பிரிட்டிஷ் வீரர் கேவண்டிஷ் ஸ்பிரின்ட்டில், அதாவது கடைசி வேகப் பாய்ச்சலில், ஜெயித்து ரோஸ் ஜெர்சி போட்டார். மொத்தம் ஐந்து நாள் ஓட்டங்களை ஜெயித்து, கடைசியில் சிவப்பு ஜெர்சியோடு வீட்டுக்குப் போனார். போட்டி முடிவதற்கு முந்தின நாள் ட்ரே சிமே மலையில் பனி கொட்டக் கொட்ட, ரோஸ் ஜெர்சி போட்ட இத்தாலிய வீரர் நிபாலி ஒற்றை ஆளாக ஏறி வந்தார். சுற்றிலும் வெள்ளை, நடுவில் ரோஸ். அந்தக் காட்சியைப் பார்த்து நான் அழுதேன். அந்த ஜெர்சியில் பல நிறக் கோடு ஓடியிருந்தால் அந்தப் படம் அப்படி இருந்திருக்காது.

கியர்கணேசன்:
நிபாலியைப் பற்றிச் சொன்னால் என்னால் எதிர்த்துப் பேச முடியாது, அந்த நாளை நானும் பார்த்தேன். ஆனால் அந்த ஜெர்சிகளை வெட்டித் தைத்தது பெர்கமோ பக்கத்து சாண்டினி நிறுவனம். பல வருடமாக ரோஸ் ஜெர்சி தைத்துக்கொண்டிருந்தவர்கள். பனியில் நிபாலியின் முதுகைக் காத்தது அவர்கள் கை. பெயர் மட்டும் டிசைனருக்கு.

ஊசிநூல்:
இங்கே என் தொழில் வருவதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் பின்னல் துணியில் பேட்டர்ன் போடுகிறவள்.

சைக்கிள் ஜெர்சியை நிற்கிற ஆளுக்குப் போட்டுப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும். முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம், தோளிலும் மார்பிலும் துணி போதாதது போல் இருக்கும். அதே ஆளைக் குனிந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் போய் அதனதன் இடத்தில் உட்காரும். முன்பக்கத்தில் கூடுதல் துணி விட்டால் குனியும்போது வயிற்றில் மடிந்து தொங்கும். பை மூன்றும் முதுகில் இருப்பதற்கும் காரணம் உண்டு. முன்னால் வைத்தால் வாழைப்பழமும் டியூபும் தொங்கி ஒவ்வொரு மிதிக்கும் தொடையில் இடிக்கும். முதல் முறை ஜெர்சி பேட்டர்ன் போட்டபோது இது தெரியாமல் டம்மி பொம்மை மேல் அழகாகப் பொருந்தும்படி வெட்டினேன். ஓட்டிப் பார்த்த பையன் முதுகில் பாதி திறந்துகொண்டு வந்து நின்றான். இடுப்புக்கு மேல் ஒரு சாண் வெயிலில் கன்றிப் போயிருந்தது. எனக்கு ஏற்பட்ட வருத்தம் சொல்லி மாளாது.

சாண்டினிக்குத் தையல் தெரியும் என்பது சரி. ஆனால் டிசைனர் எதைக் கேட்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் தையல்காரர் கை போகும். நின்ற உடம்பை மட்டும் தெரிந்தவர் கேட்பது ஒன்று, குனிந்த முதுகைத் தெரிந்தவர் கேட்பது இன்னொன்று. அவர் போட்ட சூட்டையும் பாருங்கள். 2015ல் பயணத்துக்கென்றே ஒரு சூட் கொண்டுவந்தார். இறுக்கி முறுக்கிய கம்பளி நூலில் நெய்த துணி, கசக்கினாலும் சுருக்கம் தானே போய்விடும். அதை விளம்பரப்படுத்த மேக்ஸ் விட்லாக் என்ற ஜிம்னாஸ்டிக் வீரரைச் சூட்டோடு குட்டிக்கரணம் போட வைத்தார். உடம்பு அசையும், வளையும் என்பதை மறக்காத ஆளின் வேலை அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். துணியை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர் மனைவி பாலின் டெனியர். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்தவர். இந்த விவாதத்தில் பால் ஸ்மித் பெயர் இத்தனை தடவை வந்துவிட்டது, அவர் பெயரும் ஒரு தடவையாவது வரட்டும்.

டர்பிவாசி:
நாட்டிங்காமுக்குப் பக்கத்து ஊரான டர்பியில் இருக்கிறேன், மெர்சியன் சைக்கிள் பட்டறை இங்கேதான். 1946ல் தொடங்கியது, பால் ஸ்மித் பிறந்த அதே வருடம். அவர்களோடு சேர்ந்து அவர் வண்டிகள் போட்டிருக்கிறார், அதனால் என் பங்குக்கு.

மெர்சியன் பிரேமில் குழாயும் குழாயும் சேரும் இடத்தில் லக் என்ற இணைப்புத் துண்டு வரும். அதன் ஓரத்தைக் கையால் அரம் வைத்து ராவி வளைவு கொடுப்பார்கள். பிறகு திறந்த உலைத் தீயில் முழு இணைப்பையும் சீராகச் சூடாக்கிப் பித்தளை ஓட விடுவார்கள். ஒரே இடத்தில் நெருப்பைக் குவித்தால் குழாய் வலு இழக்கும், அதனால்தான் இந்த மெதுவான முறை. பெயிண்ட் அடித்த பிறகு அந்த லக் ஓரம் முழுவதும் மெல்லிய தூரிகையால் கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டை ஒருமுறை மூக்கு உரசும் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வளைவில் தூரிகை திரும்பிய இடம் மயிரிழை அளவு தடித்திருந்தது. சைக்கிளில் கோடு போடுவது பால் ஸ்மித் கொண்டுவந்தது இல்லை, கணேசன். பீஸ்டன் பையனாக அவர் பார்த்து வளர்ந்த வண்டிகளிலேயே அது இருந்தது. அவர் கோட்டுப் பித்தே அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் எண்ணம், ஆதாரம் கேட்காதீர்கள்.

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2024 மே மாதம் மெர்சியன் கடையை மூடுவதாக அறிவித்தது. ஊரே கலங்கிப் போனது. பிறகு உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். பெரிய பெயரோடு சேர்ந்து ஒருசில வண்டி போட்டதால் மட்டும் ஒரு பட்டறை பிழைத்துவிடாது.

கியர்கணேசன்:
நன்றி டர்பிவாசி, நான் சொல்ல வந்ததும் அந்தப் பக்கம்தான். இப்போது என் உண்மையான வருத்தத்தைச் சொல்கிறேன்.

அவர் ஊரான நாட்டிங்காம் ராலே சைக்கிளின் ஊர். ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் அங்கே சைக்கிள் செய்தார்கள், அதே சைக்கிளில் வேலைக்குப் போனார்கள், அவர்கள் பிள்ளைகள் வார இறுதியில் கிளப் ரேஸ் ஓட்டினார்கள். அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. அந்த உலகத்தின் நினைவைத்தான் பால் ஸ்மித் விற்கிறார். சைக்கிள் உடைகளுக்கு அவர் வைத்த பெயரே 531. ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935ல் கொண்டுவந்த, சைக்கிள் பிரேம் செய்யும் எஃகுக் குழாயின் எண் அது. சீட் குழாயில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்து ஏங்கிய கிளப் பையனுக்குத்தான் அந்த மூன்று எண்ணின் அருமை தெரியும். ஆனால் அந்தப் பெயர் போட்ட சட்டையை அவனால் வாங்க முடியாது. இது எனக்கு வலிக்கிறது.

பெலோட்டான்:
விலை விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். என்னாலும் வாங்க முடியாது, என்னிடம் இருப்பது சாதாரண ஜெர்சிகள்தான். ஆனால் 531 என்று பெயர் வைத்ததைக் குற்றமாகச் சொல்லாதீர்கள். பேஷன் கடைக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு அந்த எண் புரியும்? விற்க மட்டும் நினைத்தவர் எல்லோருக்கும் புரிகிற பெயரை வைத்திருப்பார். இது பழைய கிளப் தோழர்களுக்குக் கண்ணைக் காட்டுவது மாதிரி.

ஊசிநூல்:
அண்ணா, உங்கள் முதல் பதிவில் ஒரு திருத்தம் இருக்கிறது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். மினியில் கோடு போட்டது ஒரே ஒரு காட்சி வண்டிதான். 26 நிறத்தில் 86 கோடுகள். 1998ல் விற்பனைக்கு வந்த 1,800 கார்களில் கோடே கிடையாது. நீல நிற வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எலுமிச்சைப் பச்சை. சூட்டின் மேல்சட்டையைத் திருப்பினால் லைனிங் வேறு நிறத்தில் இருக்குமே, அந்தத் தையல்காரப் பழக்கம்.

அதே மினி நிறுவனத்தோடு 2021ல் மறுபடி சேர்ந்தபோது என்ன செய்தார் தெரியுமா? புதிதாக எதையும் ஒட்டவில்லை, இருந்ததைக் கழற்றினார். வெளிப்புறத்துக்கு நிறமே அடிக்காமல், தொழிற்சாலையில் எஃகைத் தேய்த்த தழும்போடு அப்படியே விட்டார். துரு பிடிக்காமலிருக்க மேலே தெளிந்த பூச்சு மட்டும். திருகாணிகள் வெளியே தெரிந்தன. உள்ளே பார்த்தால் ஸ்டீயரிங்கில் சைக்கிள் ஹேண்டில்பார் டேப் சுற்றியிருந்தது.

அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹேண்டில்பாரில் டேப்பை முனையில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் மேல் கொஞ்சம் ஏறும்படி இழுத்துச் சுற்றி, நடுவில் கொண்டுபோய் முடிப்போம். ஸ்டீயரிங் வட்டத்துக்கு முனையே கிடையாது. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது? உட்கார்ந்து யாரோ யோசித்திருக்கிறார்கள். காருக்குள் ஏறியும் கை சைக்கிளைத் தேடுகிற ஒருவருக்குத்தான் இந்த எண்ணமே வரும்.

கியர்கணேசன்:
அக்கா, அந்த டேப் விஷயம் எனக்குத் தெரியாது. தேடிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். காருக்குக் கோடு, சைக்கிளுக்கும் கோடு என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். 2013 ஜெர்சியைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து.

விலை பற்றிச் சொன்னதில் நான் மாறவில்லை. பீஸ்டனில் இன்று 11 வயதில் ஒரு பையன் கிளப்பில் சேர்ந்தால் அவன் முதுகில் எந்த ஜெர்சி இருக்கும் என்பதுதான் என் கேள்வி. நண்பர் அந்த ஜெர்சியோடு அடுத்த ஞாயிறு வருகிறார். குனிந்து பிடிக்கச் சொல்லி, முன்பக்கம் மடிகிறதா, பின்பக்கம் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.