“சரிங்க சிஸ்டர்” என்று தலையாட்டிவிட்டு நடக்காமலே வருகிறவர்களிடம் என்ன பேசுவது?

டெல்டா செவிலி:
திருவாரூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பிரிவில் இருக்கிறேன். மாத்திரை வாங்க வருகிற எல்லோரிடமும் “தினமும் அரை மணி நேரம் நடங்க” என்கிறேன். “சரிங்க சிஸ்டர்” என்பார்கள். அடுத்த மாதம் கேட்டால் முழங்கால் வலி, தெருநாய், பேரனுக்குக் காய்ச்சல். போன வாரம் ஓர் அக்கா, “நாத்து நட்டு, மாட்டுக்குப் புல் அறுத்து, சாணி அள்ளிட்டு வர்றேன். இன்னும் என்னத்த நடக்கச் சொல்றே?” என்று கேட்டுவிட்டார். என்னிடம் பதில் இல்லை. ஓர் ஆளுக்கு எனக்குக் கிடைப்பதே மூன்று நிமிடம். (டூட்டி முடிந்து போனால் நானே சுருண்டு படுக்கிற ஆள்தான், அது வேறு கதை.)

வீடுவீடாகப் பிசியோ:
அந்த அக்கா கேட்டது நியாயம், சிஸ்டர். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. வயல் வேலை, வீட்டு வேலை எல்லாமே அதில் சேர்த்தி. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் போய்விட்டது. அதனால் முதலில் அவரைப் பாராட்டுங்கள். அப்புறம், “நடவு இல்லாத மாசத்துல பொழுது எப்படிக்கா போகுது?” என்று கேளுங்கள். மெஷின் நடவு வந்தபிறகு பலருக்கு அந்த மாதங்கள்தான் அதிகம்.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டாக வீடுவீடாகப் போகிறேன். நானும் அறிவுரையில்தான் ஆரம்பித்தேன். நாளெல்லாம் மிஷினில் உட்கார்ந்திருக்கும் தையல்காரர் ஒருவரிடம், “நடக்க முடியும்னு 10க்கு எவ்வளவு நம்பிக்கை?” என்றேன். “மூணு.” “ஏன் ஒண்ணுன்னு சொல்லல?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “டீக்கு எப்படியும் எந்திரிக்கிறேனே” என்றார். இப்போது எதிர்க் கடையை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போகிறார். அந்த யோசனை அவருடையது, நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டார்.

சீட்டு வைத்திருப்பவன்:
நோயாளியாகச் சொல்கிறேன். எட்டு வருடமாக “நடங்க” என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரே ஒரு நர்ஸ்தான் என் நோட்டில் “செவ்வாய், வெள்ளி, கோயில் வரை” என்று எழுதினார். அடுத்த மாதம் அதைப் பார்த்து, “எத்தனை வெள்ளி போனீங்க?” என்றார். ரெண்டு என்றேன். திட்டவில்லை. அதற்கே அடுத்த மாதம் நாலு வெள்ளியும் போனேன். மூன்று நிமிடம் இதற்குப் போதும்.

மருத்துவர்:
ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம், சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம்; அதற்குப் பையில் மிட்டாய் இருக்கட்டும். கால் மரத்துப்போனவர்கள் கோயில் பிராகாரத்திலும் வெறுங்காலோடு சுற்றக்கூடாது, எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும். வேகத்துக்கு அளவு: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நெஞ்சு அடைத்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

டெல்டா செவிலி:
இன்று அந்த அக்கா வந்தார். நடவு இல்லாத மாதத்தைக் கேட்டேன். “டிவி பொட்டிதான்” என்று சிரித்தார். என்ன செய்யலாம் என்று அவரிடமே விட்டேன். விளம்பரம் வரும்போதெல்லாம் கொல்லைக்குப் போய் மாட்டைப் பார்த்துவிட்டு வருவாராம். நோட்டில் “விளம்பரம், மாடு” என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் பார்த்தால் என்ன நினைப்பாரோ!